பின்பக்கம் தாழ்ந்த கார்

டிக்கியின் மேல் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கிப் பார்த்தான் சுந்தரலிங்கம். முன்பக்கம் அமுக்கியபோது துள்ளி எழும்பிய கார், பின்பக்கம் அசைந்தே கொடுக்கவில்லை. உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. ஆனாலும் பின்சீட்டில் மூன்று பேர் ஏறி உட்கார்ந்த மாதிரி கார் தாழ்ந்து நின்றது.

"ஸ்ப்ரிங் போயிருச்சு" என்று சொல்லி இன்னும் விலையைக் குறைத்தான். பல்லேபொல ஊர்க் கார் தரகர் மறுபேச்சில்லாமல் குறைத்தார். அடடா, அங்கேயாவது யோசித்திருக்க வேண்டாமா மனுஷன்?

எங்கே யோசிப்பது! இலங்கையில் தொண்ணூறாம் வருஷம் அது. ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் எஞ்சின் பார்க்கிறவன் அவன். இரண்டு வருஷத்துக்கு முன், தோட்டத்து லொறி உருண்டு உருண்டு ரத்தோட்டைக்கு இறங்குவதற்குள் முதல் பிள்ளை வயிற்றிலேயே செத்துப்போனது. இப்போது மனைவி கிருஷ்ணம்மாவுக்கு எட்டு மாதம். மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் பறந்து போக ஒரு வண்டி வேண்டும். அவள் வளையலை விற்ற காசுக்கு அகப்பட்டது இந்தச் சிவப்பு ஜப்பான் கார்தான். ரேஸ் கார் மாதிரிப் பாயும் என்றார் தரகர். பாய்ந்தது, உண்மை.

மறுநாள் ரத்தோட்டையில் மெக்கானிக் மர்சூக் நானா காருக்கு அடியில் நுழைந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஸ்ப்ரிங் ரெண்டும் புத்தம் புதுசு தம்பி."

"பின்ன ஏன் நானா தாழ்ந்து நிக்குது?"

"போன வருஷம் நம்பர் தகடு இல்லாம ஓடின வண்டி இது. அரசாங்கத்த எதிர்த்த கிளர்ச்சிக்காரன்னு சொல்லி சிங்களப் பொடியன்மார கைய பின்னால கட்டி ஏத்தினத ஊரே பாத்திச்சு. எறக்கினத ஒருத்தரும் பாக்கல்ல."

"நாய் வித்த காசு குரைக்குமா நானா?" என்று சிரித்தான் சுந்தரலிங்கம். ஆனாலும் திருப்பிக் கொடுக்கலாம் என்று பல்லேபொலவுக்கு ஓட்டிப் போனால், தரகர் வீட்டில் பூட்டுத் தொங்கியது.

மூன்றாம் வாரம், பட்டப்பகலிலேயே பனிமூட்டம் ரோட்டை விழுங்கியிருந்த ஒரு மத்தியானம், கிருஷ்ணம்மாவுக்கு வலி வந்துவிட்டது. லொறி தேயிலையோடு கீழே போயிருந்தது. வேறு வழி? அவளைப் பின்சீட்டில் படுக்க வைத்து, முருகா என்று கிளம்பினான். அட்டைபோல ஒட்டும் ஈரக்குளிர், கண்ணாடியில் வைப்பர் தேய்க்கும் சத்தம், அவள் முனகல், இவற்றுக்கு நடுவே வியர்வையும் ஈரமண்ணும் கலந்த ஒரு நாற்றம் பின்னாலிருந்து மெல்ல வந்து அவன் பிடரியில் தங்கியது.

"ஏங்க, கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க."

"யார?"

வளைவில் திரும்பும்போது யாரோ யார்மேலோ சாய்ந்தார்கள். துணி உரசியது. மூச்சு வாங்கியது. ஒரு மூச்சல்ல.

"கிருஷ்ணம்மா?"

"எடமே இல்லங்க. நெருக்குறாங்க."

ஆக்ஸிலேட்டரை மிதித்தான். கார் பறந்தது. ரத்தோட்டை கடந்தது. முனகல் நின்றுபோனது. ஐயோ, இந்தப் பிள்ளையுமா? மாத்தளை எல்லையில் பிரேக் போட்டு, இறங்கி ஓடி, பின்கதவைத் திறந்தான்.

அவள் கதவோரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அத்தனை சீட்டும் காலி. ஆனால் ரெக்சின் மூன்று இடத்தில் அமுங்கியிருந்தது.

"எறங்கு தாயி. கையக் கொடு."

அவள் கை கொடுக்கவில்லை. இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. பிடித்து இழுத்தான். வரவில்லை. மணிக்கட்டுகள் ஒன்றோடொன்று இறுகிக் கிடந்தன. கயிறு ஏதுமில்லை.

அவள் நிமிர்ந்து, தாலி கட்டியவனைப் பார்த்தாள். யமனைப் பார்க்கிற பார்வை. சிங்களத்தில் பத்து வரை எண்ணக்கூடத் தெரியாதவள் அவள். அவள் வாயிலிருந்து ஒரு இளம் பையனின் குரல் வந்தது.

"மஹத்தயோ, அப்பிவ மரன்ன எப்பா."

ஐயா, எங்களைக் கொல்லாதீங்க.

பிறகு வேறொரு குரல். அதே கெஞ்சல். பிறகு மூன்றாவது.

பிள்ளை வந்துகொண்டிருந்தது. அவள் அவனிடமிருந்து விலகி விலகி, காலியான சீட்டுக்குள் நெருங்கிக்கொண்டிருந்தாள்.