துரை கொடுத்த துவக்கு

கணக்கப்பிள்ளை குமாரவேல் றப்பர் மரத்தடியில் குப்புறக் கிடந்தார்.

முதுகில் ஒரே ஓட்டை!

காலையில் பால் வெட்டப் போனவர்கள் போட்ட கூச்சலில் தோட்டமே திரண்டது. பத்து மணிக்குள் மேர்சியின் தம்பி அலன் தெஹியோவிட்ட பொலிஸ் கூண்டுக்குள் இருந்தான்.

அப்பா தேவதாசன் செத்து ஒன்பதே நாள். குடியிருந்த லயன் காம்பராவைக் காலி பண்ணச் சொன்ன கணக்கப்பிள்ளையோடு அலன் முந்தாநாள் கட்டிப் புரண்டிருந்தான். அப்பா விட்டுப்போன தகரப் பெட்டியைப் பொலிஸ் திறந்தால்... உள்ளே ரிவால்வர்!

அது 1998, சண்டைக் காலம். தமிழ்ப் பையன் வீட்டில் துவக்கு என்றால் வக்கீல்கூடக் கிட்ட வரமாட்டார்.

மேர்சிக்கு அழுகை வரவில்லை. உடம்பு வேறு யாருடையதோ போல மரத்துக் கிடந்தது. பொலிஸ் பெஞ்சில் பக்கத்தில் அவள் புருஷன் உதயராஜ், தோட்டத்து ஃபெக்டரியில் மெஷின் திருத்தும் பிட்டர்.

"மாமாவுக்குப் பங்களாவுல சமையல் வேலைங்க சேர்," என்றான் அவன். "வெள்ளக்கார துரை சீமைக்குப் போறப்ப குடுத்துட்டுப் போன துவக்கு. இப்ப மச்சான் கைக்கு வந்துருச்சு..."

இன்ஸ்பெக்டர் பண்டார துவக்கு திருத்தும் நுஹ்மானை வரவழைத்திருந்தார்.

"எந்தக் கம்பெனி, நுஹ்மான் நானா?"

நுஹ்மான் குழாயை மோந்து பார்த்தார். சிரித்துவிட்டார்!

"சீமையும் இல்ல, துரையும் இல்ல சேர்! தண்ணிக் கொழாய அறுத்துச் செஞ்சது. ஒரு மாசம்கூட ஆகல்ல. ஆனா வேல சுத்தம்!"

"அப்ப செஞ்சவன் யாரு?"

நுஹ்மான் ஆணியைக் கழற்றினார். மரப்பிடி விலகியது. அடி இரும்பில் பஞ்ச் அடித்த எண்...

417!

மேர்சிக்குப் பழகிய எண். தோட்டத்து ஆள் பதிவேட்டில் அப்பாவின் செக்ரோல் நம்பர்.

"மாமாவோட நம்பர் சேர்!" உதயராஜ் முந்திக்கொண்டான். "மச்சான்தான் செஞ்சிருக்கணும்..."

"ஹரி, சரி! அப்பன் நம்பர், மகன் வேலை. எழுதிக்க!" என்றார் இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளிடம்.

"இல்லீங்க," என்றாள் மேர்சி.

உதயராஜ் அவள் மணிக்கட்டை இறுக்கினான். "வாய மூடு! வயித்துல புள்ள இருக்கு. நெனச்சுக்க!"

நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. வாய் மட்டும் பேசியது.

"அப்பா வேலைய விட்டதும் அந்த நம்பருல தம்பி பேர் பதியலீங்க. அவன் கஹவத்தைக்குக் கடை வேலைக்குப் போயிட்டான். றக்வானயில இருந்து வந்த மாப்புள்ளைக்குத்தான் பதிஞ்சாங்க. ஆறு வருஷமா நானூத்திப் பதினேழு இவருதாங்க."

"பொய் சொல்றா சேர்!"

தம்பிக்குச் சோறு கொண்டுவந்த தூக்குச் சட்டியை மேர்சி கவிழ்த்துக் காட்டினாள். ஓட்டை அடைத்த இடத்தில்... 417!

"எது செஞ்சாலும் நம்பர் அடிக்காம மேசைய விட்டு எறக்க மாட்டாரு. ஃபெக்டரிப் பழக்கம். வாளி, தேங்கா திருவலை... பொறக்கப்போற புள்ளையோட தொட்டில் கொக்கியிலகூட இருக்குங்க."

நுஹ்மான் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஒரே பஞ்ச் சேர்! ஏழோட கால் ரெண்டுலயும் ஒரே எடத்துல ஒடஞ்சிருக்கு!"

உதயராஜ் எழுந்து ஓடப் பார்த்தான். வாசலில் கான்ஸ்டபிள் மடக்கினார்.

"ஃபெக்டரியில நான் றப்பர் ஷீட் களவெடுக்கிறத இப்ப இருக்குற துரைகிட்டச் சொல்லுவேன்னு கணக்கப்பிள்ளை ஒரு மாசமா மெரட்டினான் சேர்... துவக்க மாமா பெட்டியில வச்சதும் நாந்தான்... நான் வேற என்ன செய்ய?" என்று உளறினான். அப்புறம் மேர்சியின் பக்கம் திரும்பினான். "கட்டுன புருஷன்டி நான்!"

"அவன் எங்கூடப் பொறந்தவன்."

அதையும் வேறு யாரோ சொன்னது போலத்தான் அவளுக்குக் கேட்டது.

அலன் வெளியே வந்தான். உதயராஜ் உள்ளே போனான்.

கூண்டைப் பூட்டிய இன்ஸ்பெக்டர் கம்பி வழியே குனிந்தார்.

"ரிமாண்டுல ஒனக்குப் புது நம்பர் குடுப்பாங்க தம்பி... அதையாவது எதுலயும் அடிச்சு வைக்காத!"