வலிக்காத கட்டி

சொறிகிற சத்தம் மறுபடியும் கேட்டது. தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த அந்தி வேளையில், றப்பர் ஸ்டோரின் புகையும் மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலின் புளித்த நாற்றமும் தோட்டத்து லய வீட்டுக்குள் அடைந்து கிடக்க, அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த கலைச்செல்வியின் கை தானாக நின்றது. மழைச் சத்தத்துக்கு அடியில், தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், நகம் தோலில் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அது பழகிய சத்தம். அண்ணன் கஜேந்திரன் சாகுமுன் அதே மூலையில் கிடந்து அப்படித்தான் சொறிந்தான்.

"ஷாமிளா, என்னடி பண்ற?"

"அரிக்குதும்மா."

"கொசுவா?"

"தெரியல்ல. ஒடம்பு பூரா."

கழுத்து வீங்கினால் பொன்னுக்கு வீங்கி என்று தங்கச் சங்கிலியைப் போட்டுவிடுவது லயத்து வழக்கம். அப்பா இராமசாமிக்கு அம்மாவின் சங்கிலியைப் போட்டார்கள். வீக்கம் வற்றவில்லை. சங்கிலி தோலுக்குள் புதைய, மனிதர் போய்ச் சேர்ந்தார். பிறகு அண்ணனுக்கும் அதே சங்கிலி. மாதக்கணக்கில் அதை நம்பிக் கிடந்துவிட்டுக் கொழும்புக்குக் கொண்டுபோனபோது, யாழ்ப்பாணத்து டொக்டர் ஏரம்பமூர்த்தி அவளைத் தனியே கூப்பிட்டார்.

"இது நிணநீர்ப் புற்றுநோய். தகப்பனுக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும். நோயை எதிர்க்கிற சக்தி உங்கட குடும்பத்தில பிறப்பிலயே கொஞ்சம் மாறியிருக்கலாம். எல்லாருக்கும் வரும் எண்டில்லை. ஆனா பிள்ளையின்ர கழுத்தைப் பாத்துக்கொள்ளுங்கோ. நோகாத கட்டி எண்டாலும் சும்மா விட்டிடாதேங்கோ, உடன கொண்டு வாங்கோ."

அவர் சொன்னது அவளுக்கு விளங்கியது. விளங்கியும், மனம் சங்கிலியைத்தான் பழி சொன்னது. அண்ணனின் கருமாதி முடிந்ததும் அதைச் சிரட்டையில் போட்டு, றப்பர் பாலை ஊற்றி, அசிட் விட்டாள். உறைந்த வெள்ளை உருண்டையை எறியுமுன் ஒருதரம் அமுக்கிப் பார்த்தாள். மேலே மெத்து. உள்ளே கண்ணி கண்ணியாக. கரவனெல்லப் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினாள்.

"தங்கத்தப் போயி மீனுக்குப் போட்டுட்டு வந்திருக்கா," என்று புருஷன் கிருஷாந்த் லயமெல்லாம் சொல்லிச் சிரித்தான். அது போன வருஷம். இன்று அவன் ஸ்டோரில் இருக்கிறான். றப்பர் ஷீட் காய்கிற புகைக் கூண்டுக்கு நெருப்புப் போடுகிற வேலை.

குப்பி விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெளியே குளிர் அடித்தது. மகளின் சட்டை பிழிந்தால் சொட்டும் போல நனைந்திருந்தது. மழையில் நனைந்த ஈரம் இல்லை. வேர்வையின் உப்பு வாடை.

"கழுத்தக் காட்டு."

"கை ஜில்லுங்குதும்மா."

இடது பக்கம். தாடைக்குக் கீழே. விரல் நின்றது.

மெத்து. அதற்குக் கீழே இன்னொன்று. வரிசையாக.

"வலிக்குதா?"

"இல்ல."

இன்னும் அழுத்தினாள். வலிக்கட்டும். சாமி, இவளுக்கு வலிக்கட்டும்.

"இப்ப?"

"இல்லம்மா. வலிச்சாக் கத்த மாட்டேனா? வெட்ட வெட்டச் சும்மா நிக்க நான் என்ன றப்பர் மரமா?" ஷாமிளா சிரித்தாள். சிரிப்பில் கட்டி விரலுக்கடியில் நழுவித் திரும்பி வந்தது.

"நாளைக்கு வெள்ளனயே பஸ் புடிக்கிறோம்."

"எங்க?"

"கொழும்புக்கு. டொக்டர்கிட்ட."

"சரி. அதுக்கு முந்தி இதக் கழட்டி விடும்மா. இறுக்குது."

"எத?"

"கழுத்துல போட்டிருக்கிறத."

கழுத்தில் ஒன்றுமில்லை. கலைச்செல்வி விளக்கை உயர்த்தினாள்.

தோலில் ஒரு தடம். இந்தக் காதடியிலிருந்து அந்தக் காதடி வரை. கண்ணி கண்ணியாக. அழுந்தி, சிவந்து, புதிதாக.

"தண்ணி வேணும்மா," என்று ஷாமிளா எச்சில் விழுங்கினாள்.

தோலுக்கு உள்ளே கண்ணிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன.