ஹெட்டி மூடிய குழாய்

சனிக்கிழமை காலையில் அம்மா மழைத் தொட்டியை விரல் முட்டியால் தட்டினார். தண்ணீர் இருந்தால் அது ‘தொப்’ என்று சொல்லும். இல்லாவிட்டால் ‘டங்’ என்று சொல்லும்.

“டங்!” என்றது தொட்டி.

அம்மா இன்னும் கீழே தட்டினார். டங். குனிந்து, அடி விளிம்பில் தட்டினார். அங்கேயும் டங்தான். அப்போதுதான் காலடியில் இருந்த சேற்றைப் பார்த்தார். குழாய் திறந்து கிடந்தது. எட்டுக் கோழிகளும் சேற்றில் புரண்டு, இறகெல்லாம் கறுப்பாகி, திருவிழாக் கொண்டாடிக்கொண்டிருந்தன.

“நெவ்!” என்று அம்மா அலறினார். “நெவ்! தொட்டி காலி!”

கொட்டகையில் இருந்து அப்பா ஓடி வந்தார். இன்னும் கசிந்துகொண்டிருந்த குழாயை மூடினார். தொட்டியைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். அடுத்த நொடி அவர் வாயில் இருந்து வந்த பெயர் என்ன தெரியுமா?

“ஹெட்டி!”

பத்து வயது ஹெட்டி பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே வாசலுக்கு வந்தாள். வாயில் நுரை.

“நேத்து சாயங்காலம் கடைசியா இந்தக் குழாய்கிட்ட போனது யாரு?”

“நான்தாம்ப்பா. பிஸ்கட் குட்டிக்குப் பால் குடுத்துட்டு, புட்டியைக் கழுவினேன்.”

“கழுவிட்டு?”

“மூடினேன்.”

“மூடினா தண்ணி எங்க போச்சு? கால் முளைச்சு நடந்து போச்சா?”

“எனக்குத் தெரியாது. ஆனா நான் மூடினேன்!”

அந்தப் பண்ணையில் மழை பெய்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. கூரையில் விழுந்து தொட்டியில் சேர்ந்த மழைத் தண்ணீர் குடிக்க, சமைக்க, குட்டியின் பால் புட்டி கழுவ மட்டும்தான். குளிக்க, துவைக்க, மாட்டுக்கு, ஆட்டுக்கு எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். அது ஒரே உப்பு. திங்கட்கிழமை ஆடுகளுக்கு ரோமம் வெட்டும் ஆட்கள் ஆறு பேர் வருகிறார்கள். அவர்களுக்கு ரொட்டி சுட்டு, கறி வேகவைத்து, நாளுக்கு நாலு தடவை டீ போட வேண்டியது அம்மா. இப்போது தொட்டி காலி என்றால் அப்பாவுக்குக் கோபம் வராதா? வரும்தான். ஆனால் அந்தக் கோபத்தில் அவர் அடுத்துச் சொன்ன வார்த்தை இருக்கிறதே, அதைச் சொல்லியிருக்கவே கூடாது.

“தப்பு பண்ணினதும் இல்லாம, பொய் வேற சொல்றியா?”

ஹெட்டியின் காது இரண்டும் சுட்டன. அவள் குறும்பு செய்வாள், அடம் பிடிப்பாள், தம்பியின் பங்குக் கேக்கைக்கூடத் தின்பாள். பொய் மட்டும் சொல்ல மாட்டாள்.

“நான் பொய் சொல்லல!” வாயில் இருந்த நுரை அப்பாவின் சட்டையில் தெறித்தது.

“குழாயை மூடத் தெரியாதவளுக்கு ஆட்டுக்குட்டி எதுக்கு? நாளைக்குப் பக்கத்துப் பண்ணை மெர்வ் தண்ணி கொண்டு வருவார். திரும்பிப் போறப்போ பிஸ்கட்டையும் அவர் வண்டியிலேயே ஏத்தி விடறேன். அங்க மந்தையோட மந்தையா இருக்கட்டும்.”

பிஸ்கட்டின் தாய் அதை ஈன்றதும் செத்துப்போனது. அடுப்புக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டியில் படுக்க வைத்து, இரவும் பகலும் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது ஹெட்டிதான். அவள் எங்கே போனாலும் பின்னால் வரும் குட்டி. மந்தையில் விட்டால் அது யார் பின்னால் போகும்?

“அப்பா!”

அப்பா நிற்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், ஜன்னலோரம் இருந்த ரேடியோவின் மைக்கை எடுத்தார். பக்கத்துப் பண்ணை என்றால் அங்கே அரை மணி நேர வண்டிப் பயணம். அதனால் பேச்செல்லாம் ரேடியோவில்தான். ஒருவர் பேசினால் சுற்றுவட்டாரத்தில் உள்ள அத்தனை பண்ணைகளுக்கும் கேட்கும்.

“மெர்வ், கேக்குதா? நாளைக்கு ஒரு வண்டி தண்ணி வேணும். எங்க பொண்ணு ராத்திரி பூரா குழாயைத் திறந்து விட்டுட்டா. வேற என்னத்தைச் சொல்ல? அப்படியே ஒரு ஆட்டுக்குட்டியையும் ஏத்திட்டுப் போயிடுங்க.”

“கொண்டு வரேன் நெவ்,” என்றது மெர்வ் மாமாவின் கரகரத்த குரல். “ஹெட்டியா அப்படிப் பண்ணினா? சூட்டிகையான பொண்ணாச்சே!”

இன்னொரு பண்ணையில் இருந்து யாரோ ஒரு அம்மாள் குறுக்கே வந்தார். “சின்னப் பிள்ளைங்களை நம்பித் தொட்டியை விடலாமா நெவ்? எங்க வீட்டுல குழாய்க்குப் பூட்டே போட்டிருக்கோம்!”

வேறு யாரோ சிரித்தார்கள். வாசலில் நின்ற ஹெட்டி எல்லாவற்றையும் கேட்டாள். ஊர் முழுக்க ஒரு சிரிப்பு, அதற்கு நடுவில் அவள் பெயர். அவள் வெளியே போய், கொசுவலைக் கதவைப் படாரென்று சாத்தினாள். போதுமான சத்தம் வரவில்லை. திறந்து, மறுபடி சாத்தினாள்.

“கதவு உடைஞ்சா அதையும் நான்தான் பார்க்கணும்!” என்று உள்ளே இருந்து அம்மா கத்தினார்.

ஹெட்டி மூன்றாவது தடவையும் சாத்தினாள்.

காலைச் சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்தார்கள். போர் தண்ணீரில் போட்ட டீயில் பால் திரிந்து, கட்டி கட்டியாக மிதந்தது. ஐந்து வயது ஆல்ஃபி கோப்பைக்குள் எட்டிப் பார்த்தான்.

“அம்மா, டீயில முட்டை போட்டியா?”

“வாயை மூடிட்டுக் குடி!” என்றார் அம்மா. கரண்டி, தட்டு, பாத்திரம் எல்லாம் அன்று அவரிடம் அடி வாங்கின. ஹெட்டியின் பக்கம் திரும்பி, “உண்மையை மட்டும் சொல்லிடு ஹெட்டி. அப்பாகிட்ட நான் பேசறேன்,” என்றார்.

“உண்மையைத்தான் சொன்னேன். உனக்கு வேற உண்மை வேணும்னா நீயே செஞ்சுக்கோ!”

இப்படிப் பேசிவிட்டு அந்த வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? ஹெட்டி ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். தொட்டிக்கு எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். ரொட்டியைக் கடித்த கடியில் பல் வலித்தது.

கொஞ்ச நேரத்தில் ஆல்ஃபி வந்து நின்றான்.

“டேய், குழாயைத் திறந்தது நீயா?”

“நான் இல்லக்கா.”

“பின்ன ஏன் முழிக்கிற?”

“நேத்து கோழிக்கூட்டுல மூணு முட்டை உடைச்சேன். அது வேற விஷயம். அம்மாகிட்ட சொல்லாதே.”

ஹெட்டிக்குச் சிரிப்பு வந்தது. கோபமாக இருக்கும்போது சிரிப்பு வந்தால் இன்னும் கோபம் வரும். வந்தது.

ஆல்ஃபி சேற்றைக் காலால் கிளறினான். “அக்கா, வேணும்னா நான்தான் திறந்தேன்னு சொல்லட்டுமா? அப்போ பிஸ்கட் போகாதுல்ல?”

சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். ஐந்து வயதுப் பையனை அதிகம் திட்டவும் மாட்டார்கள். ஹெட்டி ஒரு கணம் யோசித்தாள். ஒரே ஒரு கணம்தான்.

“வேணாம்டா. செய்யாத தப்புக்கு ஒருத்தி திட்டு வாங்கினது போதும். நீ போய் விளையாடு.”

அந்த நேரம் பிஸ்கட் வந்தது. வீட்டில் இத்தனை ரகளையில் அதற்குக் காலைப் பால் கொடுக்க எல்லாரும் மறந்துவிட்டார்கள். ‘மே’ என்று கத்தி ஹெட்டியின் முழங்காலை முகர்ந்தது. புட்டி இல்லை. அவள் கை விரலைச் சப்பிப் பார்த்தது. பால் வரவில்லை. பிறகு ஏதோ ஞாபகம் வந்தது போலத் தொட்டிப் பக்கம் நடந்தது.

குழாயின் வாயை முகர்ந்தது. நக்கியது. அப்படியே வாயில் வைத்துச் சப்பத் தொடங்கியது. வால் படபடவென்று ஆடியது.

“ஏய், அது உன் புட்டி இல்லடி!” என்றாள் ஹெட்டி.

பால் வராவிட்டால் ஆட்டுக்குட்டி என்ன செய்யும்? தாயின் மடியை முட்டும். பிஸ்கட்டும் முட்டியது. கீழிருந்து மேலே, ஒரே முட்டு. குழாயின் இரும்புக் கைப்பிடி ‘க்ளக்’ என்று மேலே போனது. அடியில் மிச்சமிருந்த தண்ணீர் நூல் மாதிரி வழிந்தது.

ஹெட்டி வாளியில் இருந்து துள்ளி எழுந்தாள். “நீயா!”

சந்தோஷத்தில் கத்த வாயைத் திறந்தவள், அப்படியே மூடிக்கொண்டாள். இதைச் சொன்னால் அவள் மேல் உள்ள பழி போகும். பழி பிஸ்கட் மேல் விழும். தொட்டியையே காலி செய்த குட்டியை அப்பா விட்டு வைப்பாரா? நாளை வரைக்கும்கூடப் பொறுக்க மாட்டாரே!

சொல்லாமல் இருந்தால்? அப்போதும் பிஸ்கட் போகத்தான் போகிறது. கூடவே அவள் பொய்க்காரி என்ற பேரும் நிற்கும்.

ஹெட்டி கைப்பிடியை இறக்கி மூடினாள். உற்றுப் பார்த்தாள். தூக்கினால் திறக்கும், இறக்கினால் மூடும் கைப்பிடி. போன மாதம் வரை இங்கே இருந்தது திருகுகிற குழாய். அதை எந்த ஆட்டுக்குட்டியாலும் திறக்க முடியாது. அது ஒழுகுகிறது என்று கழற்றிப்போட்டு, கொட்டகையில் கிடந்த இந்தக் குழாயை மாட்டியது யார்? ‘அது வேணாம், டவுனுக்குப் போறப்போ நல்லதா வாங்கலாம்’ என்று அம்மா சொன்னபோது, ‘எல்லாம் எனக்குத் தெரியும்’ என்று சொன்னது யார்?

ஹெட்டிக்கு மறுபடி காது சுட்டது. இந்தத் தடவை அது பிரயோஜனமான கோபம்.

“அப்பா! அம்மா! இங்க வாங்க!”

“எனக்கு வேலை இருக்கு!” என்று கொட்டகைக்குள் இருந்து அப்பாவின் குரல்.

“அப்பாஆஆ!”

யூகலிப்டஸ் மரத்தில் இருந்த வெள்ளைக் கிளிகள் மொத்தமும் கூச்சலோடு பறந்தன. அப்பா வெளியே வந்தார். அம்மா மாவு ஒட்டிய கையோடு வந்தார்.

“யாரும் பேசாம நின்னு பாருங்க,” என்றாள் ஹெட்டி. “பிஸ்கட், போ.”

பிஸ்கட் போகவில்லை. அப்பாவின் பூட்ஸ் கயிற்றைக் கடித்தது. அம்மாவின் பாவாடையில் மூக்கைத் துடைத்தது. பிறகு சேற்றில் உட்கார்ந்தது.

“இதைப் பார்க்கவா கூப்பிட்டே?” என்றார் அப்பா.

ஹெட்டிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. குட்டி ஏன் குழாயைத் தேடிப் போகிறது? அவள் உள்ளே ஓடி, புட்டியில் கொஞ்சம் பால் கலந்து எடுத்து வந்தாள். இரண்டு சொட்டுப் பாலைக் குழாயின் வாயில் தடவினாள்.

பிஸ்கட்டின் காது நிமிர்ந்தது. எழுந்தது. வந்தது. சப்பியது. முட்டியது.

க்ளக்.

நூல் மாதிரி தண்ணீர் வழிந்தது. ஆல்ஃபி மட்டும் கை தட்டினான்.

அம்மா மெதுவாகத் திரும்பினார். “நெவ், அந்தக் குழாயை மாட்டினது யாரு?”

“அவசரத்துக்கு...” என்று அப்பா இழுத்தார்.

“நான் வேணாம்னு சொன்னேனா இல்லியா?”

“சொன்னே.”

“அப்பா,” என்றாள் ஹெட்டி. “புட்டியை நான் தினமும் அங்கதான் கழுவினேன். பால் வாசனை வந்தது என்னால. இனிமே அங்க கழுவ மாட்டேன். ஆனா குழாய் உங்க தப்பு. பிஸ்கட் பாவம், அது ஆட்டுக்குட்டி. அது முட்டத்தான் செய்யும். அப்புறம், என்னைப் பொய் சொல்றேன்னு சொன்னீங்களே, அது எல்லாத்தையும்விடப் பெரிய தப்பு.”

அப்பா தொப்பியைக் கழற்றினார். தலையைச் சொறிந்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். “ஆமாம்மா. தப்புதான். கேக்காமலே கத்திட்டேன். மன்னிச்சிடு. பழைய குழாய்க்கு வாஷர் மாத்தி இப்பவே மாட்டிடறேன். பிஸ்கட் எங்கயும் போகாது.”

நல்ல மன்னிப்புதான். ஆனால் ஹெட்டி அசையவில்லை.

“இங்க சொன்னா போதாது. ரேடியோவுல சொன்னீங்கல்ல?”

“ஐயோ, ஊரே கேக்கும்டி!”

“காலையில மட்டும் ஊருக்குக் காது கேக்கலையா?”

“கேக்குறா பாரு, பதில் சொல்லு,” என்றார் அம்மா. அன்று முதல் தடவையாக அவர் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

நால்வரும் சமையலறைக்குப் போனார்கள். பிஸ்கட்டும் போனது. அப்பா மைக்கை எடுத்து முணுமுணுத்தார்.

“சத்தமா,” என்றாள் ஹெட்டி.

அப்பா தொண்டையைச் செருமினார். “எல்லாரும் கேளுங்க. நான் நெவ் பேசறேன். எங்க தொட்டியைக் காலி பண்ணினது ஹெட்டி இல்ல. அவ குழாயை மூடித்தான் வெச்சிருந்தா. நான் மாட்டின கிறுக்குக் குழாயை ஆட்டுக்குட்டி முட்டித் திறந்துடுச்சு. அவ உண்மையைத்தான் சொன்னா. நான்தான் நம்பல. அவ்வளவுதான்.”

ரேடியோவில் எங்கெங்கிருந்தோ சிரிப்பு வெடித்தது. எல்லாம் அடங்கியதும் மெர்வ் மாமா வந்தார்.

“அப்போ நாளைக்கு நான் வண்டியில ஏத்திட்டுப் போக வேண்டியது ஆட்டுக்குட்டியையா நெவ், உன்னையா?”

அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஹெட்டி அவர் கையில் இருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள்.

“யோசிச்சுச் சொல்றேன், மெர்வ் மாமா.”