கொழும்பு வெக்கை என்று நினைத்தது

"யாருன்னே தெரியாதவங்க கையில பிள்ளையக் குடுக்க மாட்டேன்."

பிள்ளை மடுவத்தின் வாசலை மறித்துக்கொண்டு அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் டீச்சர் சொன்னாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அம்மாமார் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனால் சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. விஜிதரன் குடை இல்லாமல் வந்து, பாதி நனைந்து நின்றான்.

"நான் தக்ஷிகாவோட மாமாங்க. கொழும்புல புடவைக் கடையில வேலை. தீவாளிக்கு வந்திருக்கேன்."

"மாமான்னு சொல்லிக்கிட்டு யாரு வேணாலும் வரலாம்."

"அப்ப அவளையே கேளுங்க."

மூன்று வயது தக்ஷிகா டீச்சரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். "தெரியாது," என்றாள்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டொபி வாங்கிட்டு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்..."

என்ன கண்கள் அவை... மிஸ்ட் இறங்கிய மலை மாதிரி அமைதியாக இருந்துவிட்டு, சிரிக்கிறபோது மட்டும் பளிச்சென்று வெயில் அடிக்கிற கண்கள். பேர் அனோஜா என்று பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளைதான் சொன்னது.

அவன் வெட்கத்தில் மணிக்கட்டைச் சொறிந்தான்.

"கையில என்ன, பொரிஞ்சிருக்கு?"

"கொழும்பு வெக்கைங்க... வேர்க்குரு."

அவளும் தலையாட்டினாள். கொழும்புக்கு வேலைக்குப் போய் வருகிற எல்லாப் பொடியன்களும் சொல்வதுதான். குளிரில் வளர்ந்த உடம்பு, அங்கே போனால் பொரியும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யாருமே அதைப் பெரிதாக எடுப்பதில்லை.

அந்த லீவு முழுக்க தக்ஷிகா மாமாவை விடவில்லை. ஒரே கம்பளிக்குள் அவன் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு தூங்கினாள். பகலில் அனோஜாவின் இடுப்பில். அவளை விட்டு இறங்கவே மாட்டாள்.

கொழும்புக்குத் திரும்பிய பிறகு அனோஜாவுக்கு ஃபோன்... முதலில் தக்ஷிகாவைப் பற்றிக் கேட்க. பிறகு மழையைப் பற்றி. பிறகு ஒன்றுமே இல்லாததைப் பற்றி.

தைப்பொங்கலுக்கு வந்தபோது அம்மா வீரம்மாவிடம் சொல்லிவிட்டான். அம்மா முகத்தைச் சுளித்தாலும் மறுக்கவில்லை. பெண் பார்க்கப் போனார்கள். பெண்ணைப் பிடித்திருந்தால் மாப்பிள்ளையின் அம்மா அவள் கையைப் பிடித்து வளையல் போடுவது அவர்கள் குடும்பத்து வழக்கம்.

அனோஜா கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள். கூச்சம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

வீரம்மா கையை இழுத்து வளையலை நுழைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள். விரலுக்கு விரல் நடுவில் சிவப்புச் சிவப்பாய்க் கொப்பளம். நகம் பட்டுக் கீறிய தழும்பு...

"சொறி புடிச்ச கையக் காட்டாமத்தான் ஒளிச்சு வச்சிருந்தியா? ஊருப்பட்ட பிள்ளைங்களத் தூக்குற பொண்ணு, கொஞ்சம் சுத்தமா இருக்க வேணாமா?"

வளையல் பைக்குள் திரும்பிப் போனது.

அனோஜா யாரையும் பார்க்கவில்லை. அவனை மட்டும் பார்த்தாள். ஏதாவது சொல்லுங்க... என்று கேட்கிற பார்வை. அவனுக்கும் விரலிடுக்கில் அதே அரிப்புதான். அது வெக்கை, இது வேற என்று நினைத்துக்கொண்டான். ஆனாலும் கையை மெதுவாகப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். வாய் திறக்கவில்லை.

விசயம் லயத்துக்கு லயம் பரவியது. அம்மாமார் பிள்ளைகளை மடுவத்துக்கு அனுப்பவில்லை. கொஞ்ச நாளைக்கு வர வேண்டாமென்று அனோஜாவிடம் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கிழமை முழுக்க தக்ஷிகா தூங்கவேயில்லை. சொறிந்து சொறிந்து அழுதாள். வீரம்மாவும் அவனும் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டரம்மா பிள்ளையின் கையைப் பார்த்தார். பிறகு அவன் கையை.

"ராத்திரியிலதான் அரிப்புக் கூடவா?"

"ஆமாங்க. கொழும்பு வெக்கையில வந்தது."

"வெக்கையில வந்திருந்தா இந்தக் குளிருக்கு அடங்கியிருக்கணுமே தம்பி. கொழும்புல எங்க படுக்குறீங்க?"

"கடைக்கு மேல ஒரு ரூம்புல. எல்லாரும் ஒண்ணா."

"இது கண்ணுக்குத் தெரியாத பூச்சி. தோலுக்குள்ள குடைஞ்சு முட்ட வைக்கும். அழுக்கால வர்றதில்ல, யாருக்கும் வரும். முதல் தடவைன்னா அரிப்புத் தெரியவே ஒரு மாசம் கூட ஆகும். அதுக்குள்ள கூடப் படுத்தவங்களுக்குப் போயிரும்."

வீரம்மா குறுக்கே கேட்டாள். "கையப் புடிச்சா ஒட்டிக்குமாங்க?"

"அவ்வளவு லேசுல ஒட்டாது. ரொம்ப நேரம் உடம்போட உடம்பு ஒட்டியிருக்கணும். பிள்ளையத் தூக்கி வச்சிருக்கிற மாதிரி. வீட்டுல எல்லாரும் ஒரே நாள்ல மருந்து பூசணும், அரிக்காதவங்களும். கழுத்துல இருந்து பாதம் வரைக்கும். உடுப்பு, கம்பளியெல்லாம் சுடுதண்ணியில அலசுங்க. ஒரு கிழமை கழிச்சுத் திரும்பப் பூசுங்க."

விஜிதரனுக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. தன்னிடமிருந்து தக்ஷிகாவுக்கு... தக்ஷிகாவிடமிருந்து அனோஜாவுக்கு... அவளை அவன் ஒரு விரலால்கூடத் தொட்டதில்லை.

பஸ்ஸில் அம்மா மெதுவாகச் சொன்னாள். "நம்ம வீட்டுல இருந்துதான் போச்சுன்னு வெளிய மூச்சு விட்றாத."

மறுநாள் காலைப் பெரட்டில், வேலை பிரிக்க எல்லோரும் கூடி நிற்கும்போது, அவன் நடுவில் போய் நின்றான்.

"அனோஜா மேல ஒரு தப்பும் இல்ல. இதக் கொண்டாந்தது நான். பிள்ளைக்குக் குடுத்ததும் நான். எல்லாரும் டாக்டருகிட்டக் காட்டி, வீட்டோட ஒண்ணா மருந்து பூசுங்க."

கூட்டத்தில் நின்ற காளியாயி கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டே சொன்னாள். "கொழும்புல இருந்து பிஸ்கட்டு கொண்டாருவான்னு பாத்தா, இதயா கொண்டாந்த?" எல்லோரும் சிரித்தார்கள். வீரம்மா மட்டும் தலைகுனிந்து நின்றாள்.

அன்றைக்கே அனோஜா வீட்டுக்குப் போனான். தூறல். அவள் வாசலில் கம்பளிகளைச் சுடுதண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். தகப்பன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் மருந்து வாங்கியிருந்தார். விரல்கள் காயத் தொடங்கியிருந்தன.

"பெரட்டுல சொன்னீங்களாம். நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க."

"அனோஜா... வாசல்ல வழி விடாம நின்னீங்களே, அன்னையில இருந்தே எனக்கு உங்களப் புடிக்கும். அத அன்னைக்கு எங்கம்மா முன்னாடி சொல்லியிருக்கணும். சொல்லல."

அவள் கம்பளியைப் பிழிந்தாள். நெடுநேரம் பிழிந்தாள்.

"பூச்சி வந்ததுக்கு உங்க மேல கோவமில்ல. தெரியாம வந்தது. எனக்கும் உங்களப் புடிக்கும், இப்பயும் புடிக்கும். பொய் சொல்ல மாட்டேன்." கம்பளியை இன்னொரு முறுக்கு முறுக்கினாள். "ஆனா அவ்வளவு பேருக்கு முன்னாடி கைய நீட்டிக்கிட்டுத் தனியா நின்னேன்ல... அந்த நிமிசம் எனக்கு இன்னும் முடிஞ்சு போகலைங்க."

அவன் கம்பளியின் மறுமுனையைப் பிடிக்கக் கை நீட்டினான்.

"வேணாம்," என்றாள் மெதுவாக. "நானே பாத்துக்கிறேன்."