ஏழு முகங்களில் ஒன்று

"இன்னைக்குச் சாயங்காலம் இந்தச் சுவரே வாயைத் திறந்து திருடன் யாருன்னு சொல்லும், பாருங்க!" என்றார் மதாம் ஒதில். பழைய மாளிகைகளைக் காக்கும் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

காவல் அதிகாரி ரூசெலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மதியம் ஒயின் கொஞ்சம் தூக்கலோ, மதாம்?"

"எனக்கு ரெண்டு கிளாஸ்தான், தம்பி. சுவருக்கு ஒரு சொட்டும் கொடுக்கலை. அது தெளிவாத்தான் பேசும்."

திஜோன் நகரத்து அந்த மாளிகைக்கு வயது முந்நூற்றைம்பது. கூடத்துச் சுவரில் ஏழு ஓக் மரப் பலகைகள். ஏழிலும் கண்மூடிய ஒரே பெண்முகம். குளிர்காலத்தில் அவை முனகுவதைக் கேட்டுப் பக்கத்துத் தெரு நாய்களெல்லாம் ஊரையே காலி செய்துவிட்டன. அந்தப் பலகைகளில் ஒன்று பிரஸ்ஸல்ஸ் ஏலக்கடையில் பிடிபட்டிருந்தது. சுவரிலோ இன்னும் ஏழு! எது போலி? கண்ணுக்குத் தெரியவில்லை. கழற்றிப் பார்க்க அரசு அனுமதி வருவதற்குள் வசந்தகாலம் வந்துவிடும்.

கோடையில் பலகைகளைக் கழற்றித் துடைத்து மாட்டிய தச்சர் கஸ்பார், கைவிலங்கோடு நின்றார். "சத்தியமா நான் எடுக்கலைங்க!"

"வேற யாருக்கு இந்த வேலை தெரியும்?" என்று சீறினார் வீட்டுக்காரர் முசியே அர்மான்.

"கணப்பை மூட்டுங்க," என்றார் ஒதில்.

"ஐயோ, பாதுகாக்கப்பட்ட கூடம்! நெருப்பே கூடாது!" என்று பதறினார் அர்மான்.

"அந்த விதியை எழுதினதே நான்தான். மூட்டுங்க."

மாலை ஐந்து மணி. விளக்குகள் அணைந்தன; கணப்பின் வெளிச்சம் மட்டும். சூடு ஏறியதும், எங்கோ ஒரு முகம் மெல்ல முனகியது. பிறகு எதிர்மூலையில் இன்னொன்று. ரூசெலின் முதுகு சில்லிட்டது. ஒவ்வொரு முனகலுக்கும் தலைகள் அந்தப் பக்கம் திரும்பின. அர்மான் மட்டும், எப்போது வெளியே ஓடலாம் என்பவர்போலக் கதவோரமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு முகங்கள் முனகின. கதவோரப் பலகை வாய் திறக்கவேயில்லை.

"அதுதான் போலி," என்றார் ஒதில். "சூடு பட்டா பலகை அதோட மரச்சட்டத்துக்குள்ள அசையணும். அசைஞ்சாத்தான் முனகும். இதைப் பசை போட்டு ஒட்டியிருக்காங்க. கஸ்பார் செத்தாலும் அப்படிச் செய்யமாட்டார்."

"அப்ப யாரு?"

"நாமெல்லாம் சத்தம் வந்த பக்கம் பார்த்தோம். முசியே அர்மான் மட்டும் சத்தமே வராத பலகையைப் பார்த்தாரே, ஏன்?"

அர்மானின் முகம் வெளுத்தது. "என் வீடு! என் பலகை! ஒரு ஆணியைக்கூட விக்கக் கூடாதுன்னா, ஒழுகற கூரையை நான் எதை வெச்சு மேயறது?"

ரூசெல் கைவிலங்கைக் கழற்றினார். கஸ்பார் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "என்னை நீங்களாவது நம்பினீங்களாய்யா?"

ரூசெல் தொண்டையைச் செருமினார். "நான் நம்பலைப்பா. சுவர்தான் சொல்லிச்சு. என் ரெண்டு காதால கேட்டேன்."