பிரிட்டோவின் பையில் இருந்த கல்

விடிந்ததும் மூன்று பேர் வாய்ராமார்க்கா கோட்டைக்கு ஏறத் தொடங்கினார்கள், காணாமல் போன ஒரு கல்லைத் தேடி. மூவரில் ஒருவனான பிரிட்டோவின் பையிலேயே அந்தக் கல் இருந்தது.

பெரு நாட்டு மலையில் இன்கா மக்கள் எழுப்பிய கோட்டை அது. சுண்ணாம்பு இல்லை, சிமெண்ட் இல்லை. கல்லைக் கல் கவ்விக்கொண்டு நிற்கும் சுவர். அங்கே ஒரு தமிழ்ப் படக்குழு கல்லூரிக் கலாட்டாப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. தூத்துக்குடிக்காரன் பிரிட்டோ அதில் நாயகனின் நண்பன். ஒன்பது படங்களிலும் நண்பன்தான். நாயகன் வசனம் பேசும்போது பின்னால் நின்று ஏதாவது சேட்டை செய்து சிரிப்பை வாங்குவது அவன் பிழைப்பு. முந்தின நாள் நாயகன் காதலில் உருகிக்கொண்டிருக்க, இவன் சுவர் இடுக்கில் இருந்த சின்ன ஆப்புக் கல்லை உருவி, மாம்பழம் போல மோந்து பார்த்தான். பாவம், அதை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. அடுத்த ஷாட்டுக்கு வேண்டுமே என்று பையில் போட்டான். மூடுபனி இறங்க, படப்பிடிப்பு நின்றது, கல்லை மறந்துபோனான்.

மாலையில் கோட்டைக் காவலாளி சதுர்நினா சுவரில் ஓட்டையைக் கண்டாள். மறுநாள் மதியம் தொல்லியல் துறை அதிகாரி வருவதற்குள் கல் கிடைக்காவிட்டால் அவள் வேலை போய்விடும். அதைச் சொல்லி அவள் அழுதபோது பிரிட்டோ வாய் திறக்கவில்லை. சொன்னால் படத்திலிருந்து தூக்கிவிடுவார்களே! காலையில் தேடப் போக முதல் ஆளாக நின்றான். கல்லைப் புல்லில் நழுவவிட்டுத் தானே கண்டெடுப்பதாகத் திட்டம். ஒருநாளாவது நாயகனாக இருக்கலாம் என்று ஓர் ஆசையும் எட்டிப் பார்த்தது. நினைத்தபோதே உடம்பு கூசியது. ஆனாலும் ஏறினான்.

கூட வந்த மூன்றாவது ஆள் உதவி இயக்குநர் மித்ரா. அவளுக்கு ஸ்பானிஷ் தெரியும். ஆயிரம் படிகள், மூச்சு முட்டும் உயரம். வழியெல்லாம் சதுர்நினா இவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தாள். மித்ரா அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, பிரிட்டோ தலையைக் குனிந்துகொண்டு நடந்தான்.

கல் சரிவில் உருண்டிருக்கும் என்று சதுர்நினா நினைத்தாள். பிரிட்டோ கல்லை நழுவவிடச் சமயம் பார்ப்பதற்குள், இவர்கள் தடுக்கத் தடுக்க, இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையை இவர்கள் கையில் கொடுத்துவிட்டுச் சுவருக்குக் கீழே இறங்கினாள். புல் ஈரம். பத்தடி இறங்கியதும் கால் வழுக்கியது. கயிறு விறைத்தது! மித்ராவும் பிரிட்டோவும் குப்புற விழுந்து இழுத்துப் பிடித்தார்கள். பிரிட்டோவின் உள்ளங்கை உரிந்தது. கீழே அவளோ ஒரு கையால் பாறையைப் பற்றிக்கொண்டு, இன்னொரு கையால் புதரை விலக்கி அப்போதும் தேடிக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்ததும் அவனால் தாங்க முடியவில்லை.

"மேல வரச் சொல்லு மித்ரா! கல்லு எங்கிட்டதாம் இருக்கு."

மேலே வந்த சதுர்நினாவின் முழங்காலில் ரத்தம். அவன் நீட்டிய கல்லை வாங்கினாள். திட்டவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. கல்லை அவளே துடைத்து இடுக்கில் வைத்துத் தட்டினாள். அது கச்சிதமாக உட்கார்ந்தது.

மதியம் அதிகாரி வந்தார். கல் கிடைத்துவிட்டது என்று மட்டும் சதுர்நினா சொன்னாள். அவர் அவளைத்தான் கடிந்துகொண்டார். கவனமில்லாதவள் என்று எழுதப் பேனாவை எடுத்தார். இப்போதும் பிரிட்டோ தப்பித்துவிடலாம்.

"மித்ரா, நான் சொல்றத அப்படியே சொல்லு. எடுத்தது நான். இவங்க வேல போயிரும்னு தெரிஞ்சும் நேத்து பேசாம இருந்தேன்."

அதிகாரி பேனாவை மூடினார். சதுர்நினாவின் வேலை தப்பியது. பிரிட்டோ இனி அந்த மலையில் கால் வைக்கக் கூடாது. காவலாளியே அவனை வெளியேற்றட்டும் என்றார்.

அவள் நொண்டி நொண்டி முன்னே நடந்தாள். நேற்றுப் படக்குழு என்று நம்பிச் சோதிக்காமல் விட்டவள், இன்று வாசலில் அவன் பையை வாங்கி, ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்தாள். சட்டைப் பையையும் தடவிப் பார்த்தாள். படக்குழு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் கைகளை உயர்த்தி நின்றான். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. சோதித்து முடித்ததும் அவள் பையை மூடி, தோல் உரிந்த அவன் கையில் படாமல், தானே அவன் தோளில் மாட்டிவிட்டாள்.