பதினோராவது நாய்

அக்ரபீனாவின் சறுக்குவண்டி கடற்கரைச் சாவடிக்கு வந்து சேர்ந்தபோது நடுப்பகல். நான் வாசலில் நின்று காய்ந்த சால்மன் மீனை மென்றுகொண்டிருந்தேன். வானமும் வெள்ளை, தரையும் வெள்ளை. முதலில் நாய்களின் மூச்சாவிதான் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் நாய்கள் தெரிந்தன.

எங்கள் ஊர் வழியாக நாய்வண்டிப் பந்தயம் போவதில் எனக்குப் பெருமைதான். ஆனால் ஓட வருகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பும் வரும். நார்வேக்காரப் பல் டாக்டர் ஒருவர், மொன்டானாவில் குழாய் ரிப்பேர் பார்ப்பவர் ஒருவர், வேலையை உதறிவிட்டு வந்த பள்ளிக்கூட பஸ் டிரைவரம்மா ஒருத்தி. இங்கே வந்து சேரும்போது எல்லாருக்கும் ஒரே முகம்தான். மூக்கு கறுத்திருக்கும், உதடு வெடித்திருக்கும். தூக்கமில்லாமல் ஓட்டி ஓட்டி, மரங்கள் தலையாட்டிக் கூப்பிட்டதாகவும் பனிக்குள் ரயில் போனதாகவும் சத்தியம் செய்வார்கள். சூப்பைக் கையில் கொடுத்து, "ஆமா ஆமா" என்று சொல்லிவிடுவோம்.

அக்ரபீனா, எங்களுக்கு அக்ரா, அந்த ரகம் இல்லை. என் சித்தப்பா மகள். நாய்க்குட்டிகளோடு தவழ்ந்து வளர்ந்தவள். போன வருடம் இதே பந்தயத்தில் அவளுடைய அண்ணன் வசிலி, உறைந்து கிடக்கும் எங்கள் விரிகுடாவைக் கடக்கும்போது பனித்தளம் உடைந்து நாய்களோடு கடலுக்குள் போனான். ஒரு கையுறைகூடத் திரும்பி வரவில்லை. இந்த வருடம் அவனுடைய பந்தய எண்ணையே கேட்டு வாங்கிக்கொண்டு அவள் ஓடுகிறாள். சாவடியைத் தாண்டினால் அந்த விரிகுடாதான். அன்று காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசியது. பனித்தளத்தைக் கரையிலிருந்து பிய்த்துக்கொண்டு போகிற காற்று அது. எப்படியாவது இவளை இங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்று காலையிலிருந்தே எனக்குள் அடித்துக்கொண்டது.

சாவடியில் என் வேலை பெரிய வேலை ஒன்றும் இல்லை. வண்டியில் கோடரியும் அடுப்பும் தூக்கப்பையும் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். நாய்களை எண்ணுவேன். களைத்த நாயைச் சாவடியில் விட்டுவிடலாம். புது நாயைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் ஆட்டம் அதோடு முடிந்தது.

அவள் பத்து நாய்களோடு வருவதாக முந்தைய சாவடிக்காரன் ரேடியோவில் சொல்லியிருந்தான்.

நான் பதினொன்று எண்ணினேன்.

மறுபடி பின்னாலிருந்து எண்ணிக்கொண்டே போனேன். முன்வரிசையில் இடப்பக்கம் அவளுடைய தலைமை நாய், மஞ்சள் நிற பட்டர். வலப்பக்கம் ஒரு கறுப்பு நாய். உடம்பெல்லாம் நனைந்து, ரோமம் கொத்துக் கொத்தாக உறைந்திருந்தது. கால்களில் சிவப்புத் துணி உறை. கிட்டே போனதும் உப்புத் தண்ணீரும் அழுகிய பாசியும் கலந்த நாற்றம் அடித்தது.

அந்த நாயை எனக்குத் தெரியும். வசிலியின் தலைமை நாய், பெப்பர். பட்டரோடு ஒரே ஈற்றில் பிறந்தது. அந்தச் சிவப்பு உறைகளை அக்ராதான் தைத்துக் கொடுத்தாள்.

மற்ற நாய்கள் வைக்கோலைக் கண்டதும் சுருண்டுவிட்டன. ஆனால் ஒன்றுகூட முன்பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. பட்டர் மட்டும் அந்தக் கறுப்பு நாயின் வாயை நக்கிக்கொண்டிருந்தது. பெப்பர் வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்தது.

அதன் வாயிலிருந்து ஆவி வரவில்லை.

நாய் டாக்டர் ஹெல்கியைக் கூப்பிட்டேன். மின்னசோட்டாக்காரர், நெட்டை, எதற்கும் சிரிப்பவர்.

"எண்ணுங்க டாக்டரே."

"பத்து. எல்லாம் ஜம்முனு இருக்கு. ஏன் ஈவான், நீயும் ரயிலப் பாத்தியா?"

சொல்லிக்கொண்டே முன்னால் போனார். கறுப்பு நாய் படுத்திருந்த அதே இடத்தில் மண்டியிட்டு, பட்டரின் தோளைப் பிடித்துப் பார்த்தார். எழுந்தபோது தன் முழங்காலைத் தடவினார்.

"இந்தக் குளிர்ல இங்க எப்படி ஈரம்?" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அக்ரா அடுப்பில் பனியை உருக்கி, மீனும் கொழுப்பும் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். பத்துத் தட்டில் ஊற்றினாள். கொஞ்சம் நின்று, பதினோராவது தட்டையும் எடுத்தாள்.

"ஏ புள்ள," என்றேன் மெதுவாக. "எப்ப வந்துச்சு அது?"

அவள் நிமிரவில்லை. "உனக்கும் தெரியுதா? நல்லவேளை. எனக்குத்தான் கிறுக்குப் புடிச்சிருச்சோன்னு நெனச்சேன்."

"எப்ப வந்துச்சு?"

"ஆத்து முகத்துல. அவுந்து நின்னுச்சு, அண்ணே. வண்டிய நிறுத்தி எறங்குனேன். கை தானா போயி மாட்டிருச்சு. மாட்டுனதுக்கு அப்புறந்தான் யாருன்னே பாத்தேன்."

எனக்குப் புரிந்தது. அவிழ்ந்த நாய் ஒன்று போதும், மொத்தக் கூட்டமும் சிக்கிக் கடித்துக்கொண்டு சாகும். அதனால் எங்கள் ஆட்கள் யாருக்கும் யோசனைக்கு முன்னால் கை போய்விடும். கழுத்துப் பட்டையைப் பிடி, வண்டிக் கயிற்றின் கிளிப்பை மாட்டு. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பழகியது. அந்தப் பழக்கம்தான் அவளைக் கவிழ்த்தது.

"கழட்டி விட்ரு."

"கழட்டிப் பாத்தேன். கிளிப்பு ஒறஞ்சு போயிருக்கு, வரல." தட்டை அந்த நாயின் முன் வைத்தாள். அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இப்ப கழட்ட மனசும் இல்ல. அதுக்கு வழி தெரியும் அண்ணே. வசிலி இருக்கிற எடத்துக்கு."

"அவன் இருக்கிற எடம் எனக்கும் தெரியும். கடலுக்கு அடியில."

"அப்பா இன்னும் அவன் படுக்கைய மடிக்கல."

"நீயும் போயிட்டா ரெண்டு படுக்கைய வச்சுக்கிட்டு அந்தக் கெழவன் என்னடி பண்ணுவாரு?"

நான் உள்ளே ஓடினேன். "பதினோரு நாய் இருக்கு, அவள நிறுத்துங்க" என்று கத்தினேன். ஹெல்கி என் தோளில் தட்டி, படுத்துத் தூங்கச் சொன்னார். பனித்தளத்தைக் காலையில் பார்த்தாயிற்று, உறுதியாக இருக்கிறது, பாதை திறந்திருக்கிறது என்றார். ரேடியோவில் நடுவரும் அதையே சொன்னார்.

வெளியே வந்தபோது அவள் கிளம்பத் தயாராகிவிட்டாள். மற்ற நாய்களுக்குப் புது நீல உறைகளை மாட்டியிருந்தாள். நான் போய் வண்டிமேல் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன்.

"என்னையும் சேத்து இழுத்துட்டுப் போ, பாப்போம்."

அவள் சிரித்துவிட்டாள். "நீ தின்ன சால்மனுக்கு இருவது நாய் வேணும். எறங்கு அண்ணே."

அப்போது கறுப்பு நாய் எழுந்து நின்றது. அவள் இன்னும் குரல் கொடுக்கவில்லை. வண்டியை நிறுத்தி வைக்கப் பனியில் ஊன்றிய கொக்கியை எடுக்கவும் இல்லை.

கயிறு விறைத்தது.

கொக்கி தானாகப் பிய்த்துக்கொண்டு வந்தது. வண்டி குதித்த வேகத்தில் நான் தூக்கி எறியப்பட்டேன். கைப்பிடியை ஒரு கையால் பற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் இழுபட்டேன். அக்ரா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். கோபமாக இல்லை, தூங்குகிற குழந்தையின் கையை விலக்குவதுபோல விலக்கினாள்.

"விட்ரு அண்ணே," என்றாள்.

வெள்ளைக்குள் வெள்ளையாகப் போய்விட்டார்கள். கடைசிவரை தெரிந்தது அந்தக் கறுப்பு மட்டும்தான்.

பொழுது சாயும் முன்பே பனித்தளம் உடைந்தது. மறுநாள் ஒன்பது நாய்கள் சாவடிக்குத் திரும்பி வந்தன. பின்னால் வண்டி, துளி ஈரம் இல்லாமல். அக்ரா இல்லை. பட்டர் இல்லை. முன்வரிசைக் கயிறு அறுபடவே இல்லை. இரண்டு கிளிப்புகளும் மூடியபடி, உப்புப் பனி ஏறி இறுகிக் கிடந்தன. ஹெல்கி அந்த ஒன்பதையும் எண்ணினார். அன்று அவர் சிரிக்கவில்லை. சித்தப்பா என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு நான் விரிகுடாப் பக்கம் போவதில்லை. சாவடி வேலையையும் விட்டுவிட்டேன். வீடு, விறகு, என் கிழட்டு நாய்கள், அவ்வளவுதான். இனி எனக்கு ஒன்றும் வராது என்று நினைத்திருந்தேன்.

இன்று காலை நாய்களுக்குச் சோறு வைக்கப் போனேன். வாளியைக் கீழே வைத்தேன். கம்பங்களுக்கு நடுவே ஒரு நாய் அவிழ்ந்து நின்றது. என் நாய் எதுவும் குரைக்கவில்லை. எல்லாம் கொட்டிலுக்குள் புகுந்து முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன.

கழுத்துப் பட்டையைப் பிடித்தேன். காலியாகக் கிடந்த சங்கிலியின் கிளிப்பை மாட்டினேன்.

அதன் பிறகுதான் பார்த்தேன்.

மஞ்சள் ரோமம். நனைந்த நீல உறைகள். திறந்த வாய்.

ஆவி இல்லை.

கிளிப்பைத் திறக்கப் பார்த்தேன். உறைந்து போயிருந்தது. என் மனைவி நஸ்தாசியா சமையலறை ஜன்னலைத் திறந்தாள்.

"என்னங்க, வெறும் சங்கிலியக் கையில புடிச்சுக்கிட்டு அங்க என்ன பண்றீங்க?"

நான் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டேன். அது தரையில் விழவில்லை. விரிகுடாவைப் பார்த்து, நேராக, விறைத்து நின்றது.